தைலத்துக்கு அடங்காத மூக்கடைப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் மூக்கு அடைத்தால் கை முதலில் தைலப் புட்டிக்குத்தான் போகும். தைலம் மூக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டுவதால் காற்று தாராளமாகப் போவதுபோல் இருக்கும். உள்ளே வீக்கம் அப்படியேதான் இருக்கும்.

அடைப்போ சளியோ, கூடவே முகத்தில் பாரமோ வாசனை தெரியாமலோ 12 வாரத்தைத் தாண்டினால் அது நாட்பட்ட சைனஸ். கிருமி இன்னும் சாகவில்லை என்று ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றி விழுங்குகிறார்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கே இல்லை. வெயில் காணாத கம்பளியின் தூசி, ஈரச் சுவரின் பூஞ்சை, விறகடுப்புப் புகை எல்லாம் மூக்கின் உட்சவ்வைச் சீண்டும். சவ்வு உடனே டி.எஸ்.எல்.பி., இன்டர்லூகின்-33 என்ற அபாயச் செய்திகளை விடும். அதைக் கேட்ட எதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூகின் 4, 5, 13 என்ற செய்திப் புரதங்களைச் சுரக்கும். இன்டர்லூகின் 5, ஈசினோபில் என்ற வெள்ளை அணுக்களைச் சாகவிடாமல் காக்கும். இன்டர்லூகின் 13 சளியைப் பெருக்கிப் பிசினாக்கும். 4-ம் 13-ம் சேர்ந்து சவ்வின் கட்டையே தளர்த்திவிடும். தளர்ந்த சவ்வில் இன்னும் தூசி இறங்கும், மறுபடி அபாயச் செய்தி கிளம்பும். சிலருக்குச் சவ்வு நீர் கோத்து, தோலுரித்த திராட்சைபோல் வெளிறிய சதையாகத் தொங்கும். தொட்டாலும் வலிக்காது. ஆனால் தேயிலை ஃபேக்டரி வாசலைக் கடந்தாலும் மணம் தெரியாது. எல்லாருக்கும் இதே வகை இல்லை. நியூட்ரோபில் என்ற வேறு வெள்ளை அணுக்கள் முந்தி நிற்கும் வகையும் உண்டு.

இந்தச் செய்திப் பரிமாற்றத்தை அடக்குவது ஸ்டீராய்டு ஸ்பிரே. அதற்கு முன் மூக்கைக் கழுவ வேண்டும். 240 மில்லி தண்ணீருக்கு அயோடின் சேர்க்காத உப்பு அரை டீஸ்பூன், சமையல் சோடா ஒரு சிட்டிகை. குழாய்த் தண்ணீரை நேரே விடவே கூடாது. அதில் அமீபா இருந்தால் மூக்கு வழியாக மூளைக்குப் போய்விடும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். ஆகவே நன்றாகக் கொதி வந்தபின் முழுசாக 3 நிமிடம் கொதிக்கவிட்டு, இளஞ்சூட்டுக்கு ஆறவிடுங்கள்.

கழுவிப் பத்து நிமிடம் கழித்து ஸ்பிரே. தலையைச் சற்றுக் குனிந்து, இடது மூக்குக்கு வலது கையால், முனை அந்தப் பக்கத்துக் காதை நோக்கி இருக்கட்டும். நடுத்தண்டில் பட்டால் புண்ணாகி ரத்தம் வரும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும். நாலு நாளில் பலன் இல்லையென்று நிறுத்துவதுதான் பெரிய தவறு. 8 முதல் 12 வாரம் தினமும் போட்டுத்தான் முடிவு சொல்ல முடியும். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். ஸ்பிரேயில் உள்ள மோமெடாசோன், புளூட்டிகசோன் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. பயப்பட வேண்டியது நிமிடத்தில் அடைப்பைத் திறக்கும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்துக்கு: 5 நாளைத் தாண்டினால் அதுவே மூக்கை அடைக்கத் தொடங்கும்.

சதையை அறுவையில் எடுத்தாலும் செய்தி ஓயாததால் அது திரும்ப வளரலாம், ஸ்பிரேயை விடாதீர்கள். இன்டர்லூகின் 4, 13 இரண்டும் வந்து அமரும் ஏற்பியை அடைக்கும் டூப்பிலுமாப் ஊசிக்கு மூக்குச் சதை நோய்க்காக அமெரிக்காவில் 2019-ல் அனுமதி கிடைத்தது. விலை அதிகம், மற்ற மருந்தெல்லாம் பலன் தராதவர்களுக்கே அது.

மூக்குச் சதையோடு ஆஸ்துமாவும் இருந்து, ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரை போட்டதும் மூச்சு இறுகியிருந்தால், அதை எந்த மருத்துவரிடமும், மருந்துக் கடையிலும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.