விஜயதசமி வராத சரஸ்வதி பூஜை

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் கண் மூடாமல் உட்கார்ந்திருக்கும் தமிழ்ச் சங்கத்து உறவுகளே, அனைவருக்கும் வணக்கம்.

"அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸின் அருமை படிப்பதிலா, சேர்ப்பதிலா?" என்பது இன்றைய தலைப்பு. படிப்பதில்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழர் ஒரு பொருளைத் தூக்கிக் காட்டினார். கெட்டியான, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை. நாலு பக்கமும் சீல். மேலே ஒரு சீட்டில், இதழ் எவ்வளவு புதுசாக இருக்கிறது என்று ஒரு நிறுவனம் போட்ட மதிப்பெண், பத்துக்கு 9.8. உள்ளே 1991இல் வந்த 'எக்ஸ்-மென்' முதல் இதழ். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் ஆசையாக எட்டித் தொடப் போனான். "தம்பி, தூரத்தில் இருந்தே பார்" என்றார். கோயிலில்கூட அர்ச்சகர் தீபத் தட்டை நம் பக்கம் நீட்டுவார், நடுவர் அவர்களே.

இடைவேளையில் அவரிடம் போய், "ஐயா, உள்ளே என்ன கதை?" என்று கேட்டேன். "பிரிக்கக் கூடாதம்மா, பிரித்தால் மதிப்பெண் போய்விடும்" என்றார். என் வாதம் அங்கேயே முடிந்துவிட்டது. ஆனாலும் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறீர்கள், அதை விட்டுக்கொடுக்க மனமில்லை.

உள்ளே என்ன கதை என்பதை நானே சொல்லிவிடுகிறேன். 1970களின் தொடக்கத்தில் எக்ஸ்-மென் என்ற சூப்பர் ஹீரோக் குழுவின் கதை விற்காத சரக்கு. பழைய கதைகளையே திருப்பித் திருப்பி அச்சடித்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். 1975இல் கிறிஸ் கிளேர்மான்ட் என்ற இளைஞர் அதை எழுத வந்தார். பதினாறு ஆண்டுகள் விடாமல் எழுதி, அமெரிக்காவிலேயே அதிகம் விற்கும் காமிக்ஸ்களில் ஒன்றாக ஆக்கினார். 1991இல் ஜிம் லீயின் ஓவியத்தோடு புதிய வரிசையாக மறுபடி முதல் இதழ் வந்தது. அதிலிருந்து மூன்றே இதழ்கள், கிளேர்மான்ட் விலகிவிட்டார். ஆக, அந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருப்பது பதினாறு ஆண்டு உழைத்த ஓர் எழுத்தாளர் விடைபெறத் தொடங்கும் கதை. அதை வைத்திருப்பவருக்கு அது தெரியாது. எதை எடுத்தாலும் ஒரு டாலர் என்று கடையில் வைத்திருக்கும் பெட்டியைக் கிளறி அதே இதழை வாங்கிப் படித்த எனக்குத் தெரியும். ஒரு டாலருக்கு எப்படிக் கிடைத்தது என்கிறீர்களா? அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் வழக்கத்திலும் புத்தகத்தைப் படிக்காமல் அடுக்கி வைக்கும் நாள் ஒன்று உண்டு. சரஸ்வதி பூஜை. சிறுவயதில் எனக்கு மிகவும் பிடித்த பண்டிகை அது. கணக்குப் புத்தகத்தைத்தான் முதலில் கொண்டுபோய் வைப்பேன். சந்தனம், குங்குமம், பூ எல்லாம் வைத்தாகிவிட்டால் தொடக் கூடாது. ஆனால் மறுநாள் விஜயதசமி. குளித்துவிட்டு வந்து ஒரு பக்கமாவது வாய்விட்டுப் படித்தால்தான் தட்டில் இட்லி விழும். எதிரணியினர் நடத்துவது விஜயதசமியே வராத சரஸ்வதி பூஜை.

அடுத்து, விலை. "1938இல் பத்து சென்ட்டுக்கு விற்ற 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது" என்று தோழர் முழங்கினார். உண்மைதான், நீங்களும் கை தட்டினீர்கள். அந்த விலை எப்படி வந்தது என்பதை மட்டும் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய அந்த இதழ் இரண்டு லட்சம் பிரதி அளவில் அச்சானதாகச் சொல்வார்கள். இன்று நூறு அளவில்தான் மிஞ்சியிருக்கும் என்பது சேகரிப்பவர்களின் கணக்கு. மற்றவை எங்கே? பையன்கள் சுருட்டிக் கால்சட்டைப் பையில் செருகினார்கள். ஒரு கோலிக்குண்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். தம்பிக்குக் கொடுத்தார்கள், தம்பி கிழித்தான். இரண்டாம் உலகப் போரில் பழைய காகிதம் திரட்டியபோது கட்டுக் கட்டாகப் போனது. போருக்குத் தப்பியவற்றை அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள். (அம்மாக்களை யாரும் குறை சொல்ல வேண்டாம், நானும் போட்டிருக்கிறேன்.) எங்கள் அணி படித்துப் படித்துத் தீர்த்ததால்தான், நடுவர் அவர்களே, மிச்சம் இருப்பதற்கு அந்த விலை! பச்சை நிறக் காரைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் அந்த அட்டைப்படத்தைப் பார்த்து, உள்ளே புரட்டி, அடுத்த மாதம் எப்போது வரும் என்று கடைவாசலில் காத்துக் கிடந்த பிள்ளைகள் இல்லாவிட்டால் சூப்பர்மேன் யார் என்றே இன்று தெரிந்திருக்காது. தெரியாத ஆளின் பழைய காகிதத்துக்கு 60 லட்சம் யார் கொடுப்பார்?

விலை என்று பேசினால் இன்னொரு காகிதத்தையும் பேச வேண்டும். சூப்பர்மேனைப் படைத்தவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள். உரிமை முழுவதையும் பதிப்பாளருக்கு எழுதிக் கொடுத்ததற்கு அவர்கள் பெற்றது 130 டாலர். அந்தத் தொகை அடங்கிய காசோலை 2012இல் ஏலத்துக்கு வந்தது. இரண்டு பேரின் பெயரையுமே தப்பாக எழுதியிருந்த காசோலை அது. ஏலம் போன தொகை 1,60,000 டாலர்! படைத்தவர்களுக்கு 130, அதைத் தந்த காகிதத்துக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம். தள்ளாத வயதில் அந்த இருவரும் கஷ்டப்பட்டபோது, சக ஓவியர்கள் குரல் எழுப்பிய பிறகுதான், 1975இல் ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும் கதையில் அவர்கள் பெயரும் கிடைத்தன. குரல் எழுப்பிய ஓவியர்களில் சூப்பர்மேனைப் படித்து வளர்ந்த பிள்ளைகளும் உண்டு. பூட்டி வைத்து வளர்ந்தவர்கள் இல்லை.

இப்போது அந்த ஒரு டாலர் பெட்டிக்கு வருகிறேன். 1990 வாக்கில் அமெரிக்காவில் ஒரு பித்துப் பிடித்தது. பழைய காமிக்ஸ் லட்சம் போகிறது, அதனால் புதிய காமிக்ஸை வாங்கிப் பிரிக்காமல் வைத்தால் பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று பெரியவர்கள் கிளம்பினார்கள். நம் ஊரில் மனை வாங்கிப் போடுகிற கணக்குத்தான். பதிப்பகங்களும் விடுமா? அந்த எக்ஸ்-மென் முதல் இதழுக்கு ஐந்து விதமான அட்டை. ஐந்தையும் வாங்கினால்தான் சேகரிப்பு முழுமை என்று வாங்கினார்கள். 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. எண்பது லட்சம் பேர் படித்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

1992 நவம்பரில் சூப்பர்மேன் செத்துப்போகும் 75ஆவது இதழ் வந்தது. கறுப்பு உறை, அதன் மேல் ரத்தம் வடியும் எஸ் எழுத்து, உள்ளே கையில் கட்டிக்கொள்ளக் கறுப்புப் பட்டை. எழவு வீட்டுக்கே இலவச இணைப்பு கொடுத்த ஒரே பதிப்பகம் அதுதான். கடை வாசலில் வரிசை. 60 லட்சத்துக்கும் மேல் விற்றது. பிரிக்க ஒன்று, பிரிக்காமல் வைக்க ஒன்று என்று வாங்கியவர்கள் உண்டு. பிரிக்காமலே வைத்தவர்கள் எதைத் தவறவிட்டார்கள் தெரியுமா? கடைசி நான்கு இதழ்களில் ஒரு கணக்கு இருக்கிறது. ஓர் இதழில் பக்கத்துக்கு நான்கு படக்கட்டம். அடுத்ததில் மூன்று. அதற்கடுத்ததில் இரண்டு. கடைசி இதழில் பக்கத்துக்கு ஒன்றே ஒன்று. வீட்டில் ஒருவர் மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது புரியும், நடுவர் அவர்களே. உறைக்குள் இருந்தால் அது வெறும் 75ஆம் எண்.

கல்லூரிச் செலவு என்ன ஆயிற்று? எல்லாரும் பத்திரப்படுத்திய பொருள் எப்படி அரிய பொருள் ஆகும்? ஓரிரு ஆண்டுகளில் சந்தை படுத்தது, பத்திரப்படுத்தியவை ஒரு டாலர் பெட்டிக்கு வந்து சேர்ந்தன. ஆயிரக்கணக்கான காமிக்ஸ் கடைகள் மூடப்பட்டன. 1996 டிசம்பரில் எக்ஸ்-மென்னை வெளியிட்ட மார்வெல் நிறுவனமே திவால் மனு கொடுத்தது. கடையைத் திறந்து வைத்திருந்தது மாதாமாதம் கதைக்காக வந்தவன். லாபத்துக்கு வந்தவன் லாபம் போனதும் போய்விட்டான்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் அம்மையார் என்னைப் பார்த்தே கேட்டார்: "பட்டுப்புடவையைப் பீரோவில் வைக்காமல் தினமும் கட்டிக்கொண்டா பாத்திரம் தேய்க்கிறீர்கள்?" நல்ல கேள்வி. தினமும் கட்டுவதில்லை அம்மா. ஆனால் கட்டுவதற்குத்தான் வாங்கினேன். பீரோவிலேயே கிடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும், அவ்வப்போது பிரித்து மடிப்பு மாற்றாவிட்டால் மடிப்பிலேயே இற்றுப்போகும். பழைய காமிக்ஸும் மட்டமான மரக்கூழ்க் காகிதம். காகிதத்துக்குள்ளேயே அமிலம் இருக்கிறது. எவ்வளவு நல்ல உறை போட்டாலும் மஞ்சளாவதைத் தாமதப்படுத்தலாம், நிறுத்த முடியாது.

"உ.வே.சா. ஏடு சேகரிக்கவில்லையா?" என்றும் கேட்டார். சரியான இடத்தில் கை வைத்தீர்கள், அந்த இடம் எங்களுடையது. ஊர் ஊராக அலைந்து அவர் ஏடு சேர்த்தது எதற்கு? 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்து நம் கையில் கொடுப்பதற்கு. பரணில் பத்திரமாகக் கட்டி வைத்திருந்தவர்களின் ஏடுகளைச் செல் படித்தது. சேர்ப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட காமிக்ஸ் இதழ்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. அங்கே ஒரு வாசிப்பறையும் இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியம்.

இந்த இதழ்களை வெளியிட்டவர்களே, வாசகர் கையில் எடுப்பதற்காகத்தான் வெளியிட்டார்கள். 1974இல் மார்வெல் தன் இதழ்களில் ஒரு சின்ன முத்திரைப் படம் அச்சிட்டது. கத்தரித்து எடுத்து ஆல்பத்தில் ஒட்டு என்றது. மொத்தம் நூறு முத்திரைகள். பிள்ளைகள் கத்தரித்தார்கள். எக்ஸ்-மென் குழுவின் வுல்வரின் முதன்முதலில் முழுதாகத் தோன்றிய 'ஹல்க்' 181ஆவது இதழிலும் அப்படி ஒரு முத்திரை. இன்று அந்த இதழை வாங்க வருபவர்கள் முதலில் பார்ப்பது முத்திரை இருக்கிறதா என்றுதான். இல்லாவிட்டால் விலை சரிந்துவிடும். பதிப்பாளர் சொன்ன பேச்சைக் கேட்ட குழந்தை குற்றவாளி! அதற்கும் முன்பு, 1960களில், கதையில் பிழை கண்டுபிடித்து அதற்குச் சமாதானமும் எழுதி அனுப்பும் வாசகருக்குப் பரிசு உண்டு என்றார்கள். பரிசு தபாலில் வரும். உறையைப் பிரித்தால் உள்ளே ஒன்றுமே இருக்காது, வெறும் உறை! படித்த சந்தோஷமே பரிசு என்ற குறும்பு. இப்போது அந்த வெற்று உறைக்கும் விலை வைத்துவிட்டார்கள்.

கடைசியாக என் கையில் இருப்பதைக் காட்டுகிறேன். 1966 பிப்ரவரி தேதியிட்ட 'அமேசிங் ஸ்பைடர்-மேன்' 33ஆவது இதழின் பிற்கால மறுபதிப்பு. ஒரு டாலர். ஒரு பின் கழன்றுவிட்டது, அட்டை தனியாகத் தொங்குகிறது. யாரோ ஒரு குழந்தை மூலையில் பென்சிலால் பெயர் எழுதி அழித்திருக்கிறது.

தண்ணீருக்கு அடியில் ஒரு கூடம். ஸ்பைடர்மேன் மேல் ஒரு பெரிய இயந்திரம் விழுந்து கிடக்கிறது. கூரையில் விரிசல், தண்ணீர் சொட்டுகிறது. ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கும் அத்தையின் மருந்துக் குப்பி சில அடி தள்ளித் தரையில் இருக்கிறது, கைக்கு எட்டவில்லை. அத்தைக்கு அந்த நோய் வந்ததே இவன் கொடுத்த ரத்தத்தால்தான். வில்லன் பக்கத்தில் இல்லை, அடிதடி இல்லை. ஓர் இளைஞன், ஒரு பாரம். ஓவியர் ஸ்டீவ் டிட்கோ அவசரப்படவில்லை. சின்னச் சின்னக் கட்டங்கள், குனிந்த தலை, நடுங்கும் தோள். முயல்கிறான், முடியவில்லை. மறுபடி முயல்கிறான். கட்டங்கள் மெல்லப் பெரிதாகின்றன, தண்ணீர் ஏறுகிறது, பாரம் ஒரு விரற்கடை நகர்கிறது. பிறகு ஒரு முழுப் பக்கத்துக்கும் ஒரே படம். தூக்கி எறிந்துவிட்டான்.

என் மகனுக்கு ஒன்பது வயது. உணவு மேசையில் இதை வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். சோறு ஆறுகிறதே என்று அதட்டப் போனேன். அவன் தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. மேசைக்கு அடியில் இரண்டு உள்ளங்கைகளும் மேல்நோக்கி, பலகையை அழுத்திக்கொண்டிருந்தன. அவனும் தூக்கிக்கொண்டிருந்தான். நான் அதட்டவில்லை. அந்த முழுப் பக்கம் வந்ததும் கையை எடுத்தான், சாம்பார்க் கிண்ணம் கவிழ்ந்தது. ஐந்தாம் பக்கத்தில் நீங்கள் பார்க்கும் கறை அதுதான். இதற்கு எந்த நிறுவனம் எத்தனை மதிப்பெண் போடும் என்று எனக்குக் கவலை இல்லை.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். எதிரணித் தோழரே, இந்தப் புத்தகத்தை உங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். தீர்ப்பு வர இன்னும் அரைமணி நேரம் ஆகும், அதற்குள் தாராளமாகப் படித்து முடிக்கலாம். அட்டையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், விழுந்துவிடும்.

வணக்கம்.