தொற்று பரவும் நேரத்தில் கீமோவை நிறுத்தி வைக்கலாமா?

அடுத்த கேள்வி. "அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ போய்க்கொண்டிருக்கிறது. கொரோனா மாதிரி இன்னொரு தொற்று வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதா, அடங்கும்வரை வீட்டிலேயே வைத்துக்கொள்வதா?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

சகோதரி, நீங்களாக முடிவெடுத்து நிறுத்தாதீர்கள். தள்ளிப்போடுவது சில சமயம் சரிதான், ஆனால் அதை அம்மாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர்தான் சொல்லவேண்டும். ஏனென்றால் எல்லாப் புற்றுநோயும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. மெதுவாக வளரும் ப்ராஸ்டேட் கட்டி சில மாதம் பொறுக்கும். ஹார்மோன் பாசிட்டிவ் மார்பகக் கட்டி, அதாவது உடலின் ஹார்மோனால் தூண்டப்பட்டு வளரும் கட்டி என்றால், ஆபரேஷன் தள்ளிப்போகும் காலத்தை மாத்திரை கொடுத்துச் சமாளிக்க வழி உண்டு, 2020-இல் பலருக்கு அப்படிச் செய்தார்கள். வேகமாக முற்றும் இரத்தப் புற்றுநோயான அக்யூட் லுக்கீமியா என்றால் நாள்கணக்கில்கூடக் காத்திருக்க முடியாது.

கொரோனா சமயத்தில் ஆஸ்பத்திரிகள் ஏன் ஆபரேஷன்களைத் தள்ளிப்போட்டன என்றும் கேட்பீர்கள். பெரிய ஆபரேஷன் முடிந்தால் ஐசியூ படுக்கை வேண்டும், அந்தப் படுக்கையில் மூச்சுத்திணறலோடு வந்தவர் இருக்கிறார், மயக்க மருந்து டாக்டரும் அங்கேதான் நிற்கிறார். இரத்ததானமும் குறைந்துபோனது, இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டைச் சேமித்து வைக்கலாம் என்றால் அது ஐந்து நாள்தான் தாங்கும். 61 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், முழு ஊரடங்கு இருந்த இடங்களில் புற்றுநோய் ஆபரேஷனுக்குக் காத்திருந்தவர்களில் சுமார் ஏழு பேரில் ஒருவருக்கு அது திட்டமிட்டபடி நடக்கவேயில்லை. ஆபரேஷன் நான்கு வாரம் தாமதமானாலே இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது என்று 2020-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு சொன்னது. இதெல்லாம் கொஞ்சநஞ்ச நஷ்டம் இல்லை.

இப்போது சொல்வதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் ரொம்பக் குறைந்திருக்கும். அந்தச் சமயத்தில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால், ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏறவேண்டும். தொற்றுக்காலத்தில் என்ன நடக்கும்? வாசலில் தெர்மாமீட்டர் வைப்பார்கள், காய்ச்சல் என்றதும் தனி வரிசைக்கு அனுப்புவார்கள், மூக்கில் சாம்பிள் எடுத்து ரிசல்ட் வரட்டும் என்று உட்காரவைப்பார்கள். அங்கே பேசாமல் உட்காராதீர்கள். "இவர் கீமோ நோயாளி, கடைசி டோஸ் இந்தத் தேதி, உடனே சிபிசி எடுங்கள்" என்று சத்தமாகவே சொல்லுங்கள். சிபிசி என்றால் இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் டெஸ்ட். தொற்று டெஸ்ட் ஒரு பக்கம் நடக்கட்டும், ஆன்டிபயாடிக் ஊசி அதற்காகக் காத்திருக்கக் கூடாது. வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை அடக்கிவிட்டுப் பார்க்கலாம் என்று இருப்பதும் ஆபத்து, உள்ளே கிருமி பரவிக்கொண்டிருப்பது வெளியே தெரியாமல் போய்விடும்.

ரேடியேஷன் நடுவில் இருப்பவர்கள் ஒரு நாளைக்கூட விடாமல் பாருங்கள், விட்டுப்போனால் டாக்டரிடம் சொல்லி ஈடுகட்டுங்கள். சிகிச்சை முடிந்து வெறும் செக்கப்புக்கு வருபவர்கள், புதிதாக எந்தத் தொந்தரவும் இல்லையென்றால், போனிலேயே பேசிக்கொள்ளலாம்.

அப்புறம், அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட், கீமோ மருந்துகளின் பெயர், அளவு எல்லாவற்றையும் இன்றைக்கே போனில் போட்டோ எடுத்து வையுங்கள். வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரியைத் தொற்று வார்டாக மாற்றிவிட்டால் வேறு இடத்துக்குத்தான் ஓடவேண்டியிருக்கும், அங்கே இருக்கும் டாக்டருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.