ஊருக்கெல்லாம் படியளந்த நகரமன்றம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஸ்காட்லாந்து வரலாறு என்றால் மன்னர்களையும் போர்களையும் பேசத்தான் எல்லோருக்கும் ஆசை. நான் பேச வந்தது ரொட்டியின் எடையைப் பற்றி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

12ஆம் நூற்றாண்டில் முதலாம் டேவிட் மன்னர் காலத்தில், வணிக உரிமைப் பட்டயம் பெற்ற நகரங்கள் அங்கே எழுந்தன. ஒவ்வொரு நகரத்தையும் ஒரு மன்றம் ஆண்டது. அதன் தலைவருக்குப் புரோவோஸ்ட் என்று பெயர். அவருக்குக் கீழே நீதியும் வழங்கும் பெய்லிகள். கூட்டம், வழக்கு, சுங்கவசூல், சிறை எல்லாம் டோல்பூத் என்ற ஒரே கட்டடத்தில்தான். அபர்தீன் நகரமன்றப் பதிவேடுகள் 1398 முதல் கிடைக்கின்றன. வீரச் செயல்களைத் தேடிப் புரட்டுபவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். கடன் வழக்கு, எல்லைத் தகராறு, விலை நிர்ணயம் என்றே பக்கங்கள் நகரும்.

கோதுமை விலை ஏறினால் ரொட்டியின் விலை ஏறாது, ரொட்டி இளைக்கும். அது எத்தனை அவுன்ஸ் இருக்க வேண்டும் என்பதை மன்றம் அறிவிக்கும். எடை குறைந்த ரொட்டியைப் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஏல் என்ற பார்லி மதுவைக் காய்ச்சியவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதைச் சுவைத்துப் பார்த்துத் தரம் சொல்லவே மன்றம் ஆள் வைத்திருந்தது. (அந்த வேலைக்கு ஆள் கிடைப்பது கடினமாக இருந்திருக்காது.) விதியை மீறினால் காய்ச்சும் அண்டாவின் அடியையே உடைத்துவிடும் தண்டனையும் உண்டு. சந்தைக்கு வரும் சரக்கை வழியிலேயே மடக்கி வாங்கிப் பதுக்குவது பெருங்குற்றம்.

சரி, இத்தனையையும் அளக்க அளவை வேண்டுமே? அதையும் நகரங்களே பங்கிட்டுக்கொண்டன. துணி அளக்கும் கோல் எடின்பரோவில், எடைக்கல் லனார்க்கில், தானியம் அளக்கும் மரக்கால் லின்லித்கோவில், திரவம் அளக்கும் பைண்ட் குவளை ஸ்டிர்லிங்கில். அந்தப் பைண்ட் இப்போதைய கணக்கில் ஏறக்குறைய 1.7 லிட்டர்.

1750இல் அலெக்சாண்டர் பிரைஸ் என்ற பாதிரியார் ஸ்டிர்லிங்கிற்குப் போய், "மூலக் குவளையைப் பார்க்க வேண்டும்" என்று கேட்டார். அவர் கணிதப் பித்தர். மன்ற அறையின் கூரையில் தொங்கிய ஒரு வெள்ளீயக் குவளையை இறக்கிக் கொடுத்தார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தவர், இது அதுவல்ல என்று சொல்லிவிட்டார். மன்றத்தார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை! பிரைஸ் விடவில்லை. அளவைகள் செய்வதற்காகச் செம்புக் கொல்லர் யாராவது இரவல் வாங்கியிருக்கலாமோ என்று யோசித்தார். ஆட்சியிழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மீண்டும் அரியணை ஏற்ற எழுந்த 1745 கலகத்தில் சேர்ந்து போய்த் திரும்பி வராத ஒரு கொல்லர் இருந்தார். அவருடைய தட்டுமுட்டுகள் ஏலம் போயிருந்தன; விலைபோகாதவற்றைப் பரணில் வீசியிருந்தார்கள். 1752இல் அந்தக் குப்பைக்கு அடியிலிருந்து வெளிவந்தது ஒரு நாட்டின் அளவை.

ஊர் முழுவதையும் அளந்தவர்கள் தம் அளவையை இப்படித்தான் காத்தார்கள். இதைச் சிரித்துவிட்டுக் கடக்க என்னால் முடியவில்லை.

பள்ளிக்கூடமும் மன்றத்தின் பொறுப்பே. எடின்பரோவில் பல்கலைக்கழகமே அவர்கள் தொடங்கியதுதான். 1858 வரை அதன் நிர்வாகம் மன்றத்தின் கையில் இருந்தது. 1595 செப்டம்பரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் விடுமுறை கேட்டார்கள். கிடைக்கவில்லை. உணவும் ஆயுதமுமாக உள்ளே புகுந்து கதவை அடைத்துக்கொண்டார்கள். பெய்லி ஜான் மேக்மோரன் ஆட்களோடு வந்தார். உத்தரத்தால் கதவை இடித்தபோது, வில்லியம் சின்கிளேர் என்ற மாணவன் ஜன்னல் வழியே துப்பாக்கியால் சுட்டான். பெய்லி நெற்றியில் குண்டு பாய்ந்து இறந்தார். நகரின் பெரும் பணக்காரர்களில் ஒருவர் அவர். சின்கிளேர் குடும்பத்துக்குச் செல்வாக்கு இருந்தது. பையன் தண்டனையின்றித் தப்பினான். மூன்று ஆண்டுகள் கழித்து, 1598இல், அதே மேக்மோரன் வீட்டில் மன்றம் அரச குடும்பத்துக்கு விருந்து வைத்தது. அந்த வீடு இன்றும் நிற்கிறது.

இவர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். இவர்களே! சாமானியரின் கூச்சல் தாங்க முடியவில்லை என்று சொல்லி, பழைய மன்றமே புதிய மன்றத்தைத் தேர்ந்தெடுக்கும் என 1469இல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. 364 ஆண்டுகள் அதுதான் நடைமுறை. நிலம், மாவாலை, மீன்பிடி உரிமை எல்லாம் நகரின் பொதுச்சொத்து. அதன் வருமானம் ஊர்நலனுக்கே செலவாக வேண்டும் என்று 1491 சட்டம் சொன்னது. சொன்னது, அவ்வளவுதான். ரொட்டிக்காரியின் தராசைப் பரிசோதித்த மன்றத்தின் கணக்கை ஊரார் பரிசோதிக்க வழியில்லை. புதிய வீதிகள் போட்ட செலவில் அபர்தீன் 1817இல் திவாலானது. லீத் துறைமுகக் கடனில் எடின்பரோ 1833இல் விழுந்தது. ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு மதிப்புள்ள வீட்டில் குடியிருப்பவருக்கு வாக்குரிமை வந்ததும் அதே 1833இல்தான்.

பொதுச்சொத்து மட்டும் இன்னும் இருக்கிறது. எந்தெந்தச் சொத்து அதில் சேரும் என்ற பதிவேட்டை எழுதி மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று மன்றங்களுக்குச் சட்டம் கட்டளையிட்டது 2015இல்.

நன்றி, வணக்கம்.