சார், இன்னொரு தடவை

அனைவருக்கும் வணக்கம். தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பின்னால் புரொஜெக்டர்கூடத் தயாராக இருக்கிறது. நான் அதைத் தொடப் போவதில்லை. கரண்ட் மேல் எனக்குக் கொஞ்சம் அவநம்பிக்கை. முப்பது வருடமாகக் கணக்கு வாத்தியாராக இருப்பவனுக்கு வருகிற அவநம்பிக்கைதான்.

இத்தனை வருடத்தில் வகுப்பில் நான் அபூர்வமாகக் கேட்ட வாக்கியம் எது தெரியுமா? "சார், இன்னொரு தடவை சொல்லுங்க." புரியாத பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. கேட்கத்தான் வாய் வராது. பக்கத்து பெஞ்சு சிரிக்கும். நானும் "புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அடுத்த கணக்குக்குத் தாவியவன்தான். அதனால் எந்தக் கருவி வந்தாலும் நான் பார்ப்பது ஒன்றுதான்: அந்தப் பிள்ளைக்கு இன்னொரு தடவை கிடைக்கிறதா?

திண்ணைப் பள்ளியில் கிடைத்தது. மணலில் விரலால் எழுது. தப்பென்றால் தடவிவிட்டு மறுபடி எழுது. வாத்தியாரிடம் கேட்கப் பயமா, மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் மூத்த மாணவன், சட்டாம்பிள்ளை இருக்கிறான். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்குப் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, அதையே தன் பள்ளியிலும் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர் ஒத்துவரவில்லை. (சிரிக்காதீர்கள், நானும் அந்தக் கட்சிதான்.) பெல் என்ன செய்தார்? அரிச்சுவடி வகுப்பை ஓர் எட்டு வயதுப் பையனிடம் ஒப்படைத்துவிட்டார். பிள்ளைக்குப் பிள்ளையே சொல்லிக்கொடுக்கும் இந்த ஏற்பாட்டை 1797இல் லண்டனில் நூலாக வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்று அது இங்கிலாந்தில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்று ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது. நாம் ஏற்றுமதி செய்த தொழில்நுட்பம், ஒரு பிடி மணல்!

சரி, நம் காலத்துக்கு வருவோம். 2018இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு அச்சிட்டார்கள். 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2020இல் பள்ளிகளைப் பூட்டியபோது அதுதான் கைகொடுத்தது. ஆனால் தொலைக்காட்சியும் என்னை மாதிரிதான். அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும், யாருக்காகவும் நிற்காது. நிற்கிற பொருள் செல்போன். அதுவோ அப்பாவின் சட்டைப் பையில் வேலைக்குப் போய்விடும்.

அந்தச் சமயத்தில், இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வர்க்கப்பூர்த்தி முறையை நானே செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். என் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, அப்பா லாரி ஓட்டுநர். அவர் வீடு திரும்பும் இரவுகளில்தான் அவளுக்குப் பாடம். பள்ளி திறந்த பிறகு வந்து சொன்னாள்: "சார், நாலு தடவை உங்களை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். இருபுறமும் 9 கூட்டணும்னு சொல்றீங்க. அந்த 9 எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லவே இல்ல."

வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தேன். உண்மைதான். அந்தக் கணக்கில் xஐப் பெருக்கும் எண் 6. 6இல் பாதி 3, 3இன் வர்க்கம் 9. அந்த ஒரு வரியை நான் விழுங்கியிருந்தேன். எத்தனை வருடமாக விழுங்கினேனோ! புரியவில்லை என்று தலைகுனிந்த எத்தனை பேருக்கு அந்த ஒரு வரிதான் குறையோ! வகுப்பில் யாரும் என்னை நிறுத்தியதில்லை. செல்போனில் நிறுத்த முடிந்தது.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. நூறு தடவை கேட்டாலும் முகம் சுளிக்காது. அந்தப் பொறுமை எனக்கு வராது, ஒப்புக்கொள்கிறேன். சில சமயம் தப்பையும் அதே நிதானத்தோடு சொல்கிறது, அது வேறு கதை. என் கவலை கேட்காமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பற்றி. கேட்டால்தானே அது பதில் சொல்லும்?

போன மாதம் ஒரு பையன் வீட்டுப்பாடம் கொண்டுவந்தான். ஒவ்வொரு வரியும் சரி, என்னைவிட அழகாக இருந்தது. "இந்த 9 எங்கேருந்துப்பா வந்துச்சு?" என்றேன். ஃபேனைப் பார்த்தான். பேப்பரைப் பார்த்தான். அப்புறம் மெதுவாக, "சார், இன்னொரு தடவை சொல்லுங்க" என்றான். மேசையில் சாக்பீஸ் தூள் கிடந்தது. அதிலேயே விரலால் 6 என்று எழுதி ஆரம்பித்தேன்.

நன்றி, வணக்கம்.