ஆச்சி விரல் வைத்து வாசித்த இரவு

நேயர்களுக்கு வணக்கம். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம், ஞாயிறு காலை ஓய்வுநாள் பள்ளி, வருஷத்துக்கு ஒருமுறை சபையார் கூடிச் சாப்பிடும் அசனம். அப்படி வளர்ந்தவன் நான்.

பத்தொன்பது வயதில் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தேன். ஜெபத்தில் வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமம் வாசிக்க என் முறை. முதல் அதிகாரத்தில் மிருகங்கள் முந்தி, மனுஷன் பிந்தி. அதுவும் ஆணும் பெண்ணுமாக. மறுநாள் இரண்டாம் அதிகாரம். அங்கே மனுஷன் முந்தி, அவன் தனியாக இருக்கிறானே என்று பிறகு மிருகங்கள், கடைசியில்தான் பெண். மனப்பாடமாகத் தெரிந்த கதை. அன்றுதான் கண்ணில் பட்டது. வாசிப்பதை நிறுத்தி, "எதுப்பா முந்தி?" என்று கேட்டேன்.

அப்பாவுக்கு வந்த கோபம்! "வேதத்திலயா குத்தம் பாக்க?" ஜெபம் பாதியில் நின்றது. ஆச்சி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் படுத்த பிறகு அடுப்படி விளக்கில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரி வரியாக விரல் வைத்து, இரண்டு அதிகாரத்தையும் வாசித்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். "ஆமாலே, மாறித்தான் கெடக்கு. இத்தன வருஷமா வாசிக்கேன், எனக்குத் தெரியலையே."

பதில் எதுவும் அவள் சொல்லவில்லை. கேள்வியைத் தானும் எடுத்து வாசித்துப் பார்த்தாள், அவ்வளவுதான். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: அவளும் வாசித்துப் பார்த்தாள்.

ஆறு நாள் படைப்பை நடந்த சரித்திரமாக நம்புவதை விட்டேன். விடுதியில் நான் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் கஞ்சி கொண்டுவந்த இந்து நண்பன் நரகத்துக்குப் போவான் என்பதையும் விட்டேன். அதை விட்டதில்தான் தூக்கம் போனது. இயேசுவின் மலைப்பிரசங்கத்தை மட்டும் விட முடியவில்லை.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு இயேசுவின் சீஷன் தோமாவைச் சந்தேகக்காரன் என்று பிரசங்கிப்பார்கள். யோவான் சுவிசேஷத்தில் இன்னொன்றும் இருக்கிறது. இயேசு உயிர்த்தெழுந்ததை நம்பமாட்டேன் என்று சொன்னவன், எட்டு நாள் கழித்தும் மற்றச் சீஷர்களோடு அதே வீட்டுக்குள் இருந்தான். அவனை அவர்கள் வெளியே தள்ளவில்லை. பெற்றோரே, அந்த எட்டு நாளைக் கொஞ்சம் யோசியுங்கள்.

சட்டம்பிள்ளையைப் பற்றி விரிவாகப் பேச எழுதி வந்தேன், நேரமாகிவிட்டது. சபையில் வேதம் போதிக்கும் உபதேசியாராக இருந்தவர், மிஷனரிமாரோடு முரண்பட்டு, 1857இல் பிரகாசபுரத்தில் தனிச் சபையே கண்டார். வேதத்தைத் தானே வாசித்து, சனிக்கிழமைதான் ஓய்வுநாள் என்றார். எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். ஓய்வுநாள் பள்ளியில் அவர் பெயரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

வணக்கம்.