பக்கத்துக் கடைக்காரர்தான் உங்கள் போட்டியாளரா?

(ஈரோட்டில் சிறுதொழில், வியாபாரம் செய்வோர் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. வியாபார நேரத்தில் கடையை ஆளிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நம் கொங்கு நாட்டில் யாரிடம் வேண்டுமானாலும் "உங்களுக்குப் போட்டி யாருங்க?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்கவே மாட்டார்கள். பேக்கரிக்காரர் எதிர்ப்புற பேக்கரியைக் காட்டுவார். பனியன் கம்பெனி வைத்திருப்பவர் அதே வீதியில் இருக்கும் இன்னொரு பனியன் கம்பெனியைச் சொல்வார். அது பல நேரம் அவருடைய மச்சானுடையதாக இருக்கும். நாம் பார்க்கும் போட்டி அது. வாங்க வருகிறவர் பார்ப்பது வேறு.

கிரைண்டரை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஆட்டுக்கல்லில் மணிக்கணக்காக உட்கார்ந்து ஆட்டிய பெண்களின் தோள்வலியைத் தீர்த்த சாமான் அது. நம் ஊர்ப் பட்டறைகளில் பிறந்து தமிழ்நாட்டுச் சமையலறையெல்லாம் போய்ச் சேர்ந்தது. முதலில் பெரிய கிரைண்டர், அப்புறம் சாய்த்து மாவெடுக்கும் டில்டிங், அப்புறம் மேடைமேல் வைக்கும் டேபிள் டாப். தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் கடுமையாக மோதிக்கொண்டார்கள்: உனக்கு இரண்டு கல்லா, எனக்கு மூன்று கல். நீ கொடுப்பது இரண்டு வருட வாரண்டியா, நான் ஐந்து. அந்த நேரத்தில் ஓசையில்லாமல் மளிகைக்கடை ஃபிரிட்ஜில் வந்து உட்கார்ந்தது மாவு பாக்கெட். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் கல் எத்தனை என்பது யாருக்கு வேண்டும்? நாளைக் காலையில் இட்லி வேண்டும், அவ்வளவுதான்.

தியோடர் லெவிட் என்ற ஹார்வர்டு பேராசிரியர் 1960-ல் இதைத்தான் எழுதினார். அமெரிக்காவில் பயணம் செய்கிறவர்கள் குறையவில்லை, சரக்கும் குறையவில்லை. ஆனாலும் ரயில் கம்பெனிகள் நொடித்தன. "நாங்கள் ரயில் ஓட்டுகிறவர்கள்" என்று நினைத்தார்களே தவிர, "ஆளையும் சரக்கையும் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர்கள்" என்று நினைக்கவில்லை. காரும் லாரியும் விமானமும் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டன. கிரைண்டர் செய்கிறவர் தன்னை கிரைண்டர்காரர் என்று நினைத்தால் மாவு பாக்கெட் அவருக்கு எமன். மாவுக்கு வழி செய்கிறவர் என்று நினைத்தால் அதே பாக்கெட் அவருக்கு வாடிக்கையாளர். பாக்கெட் போடுகிறவருக்கும் மூட்டைக் கணக்கில் அரைக்க மெஷின் வேண்டுமே!

ஆக, முதலில் உங்கள் சரக்கு வாங்குகிறவருக்கு எந்த வேலையை முடித்துக் கொடுக்கிறது என்று பாருங்கள். அதே வேலையை வேறு யாரெல்லாம், எதுவெல்லாம் முடித்துக் கொடுக்கும் என்று பாருங்கள். அத்தனையும் போட்டிதான்.

இதைப் பார்க்காதவர்களுக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் விலைக்குறைப்பு. இதைக் கணக்காகவே போட்டுவிடலாம், நமக்குக் கணக்கு புதிதல்ல. 100 ரூபாய்க்கு விற்கும் சரக்கு, அடக்க விலை 80, கையில் நிற்பது 20. மாதம் 1,000 உருப்படி போனால் 20,000 ரூபாய். வாடகை, கரண்ட் பில்லை இப்போதைக்குத் தனியாக வையுங்கள். பக்கத்துக் கடையில் 90 என்று போர்டு வைத்துவிட்டார்கள் என்று நீங்களும் 90-க்கு இறங்குகிறீர்கள். பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் கையில் நிற்பது பாதியாகிவிட்டது. அதே 20,000 வர 2,000 உருப்படி விற்க வேண்டும். உங்கள் ஊரில் வாங்குகிறவர்கள் ஒரே மாதத்தில் இரண்டு மடங்கு ஆகிவிடுவார்களா? நீங்கள் இறங்கியதைப் பார்த்து அவர் 85-க்குப் போவார். திருப்பிப் போட்டுப் பாருங்கள். 105 என்று ஏற்றினால் கையில் 25 நிற்கும். 800 விற்றாலே 20,000 வந்துவிடும். 200 பேர் போனாலும் நஷ்டமில்லை. மீதி 800 பேர் தங்குவதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

கடன் கொடுப்பதும் விலைக்குறைப்புதான். 60 நாள் கழித்துப் பணம் வாங்குகிறவர் அந்த 60 நாள் வட்டியைத் தள்ளுபடி செய்திருக்கிறார். பில்லில் அது தெரியாது, அவ்வளவுதான்.

விலை ஏறினாலும் வாங்குகிறவர் தங்குவதற்கான அந்தக் காரணம் எங்கிருந்து வரும்? இந்த ஊர் மஞ்சளிலேயே பார்க்கலாம். விற்பனைக்கூடத்துக்கு வரும் மஞ்சளை விரலி, கிழங்கு என்று பிரித்து வைக்கிறார்கள். வியாபாரி மாதிரியைப் பார்த்து விலை போடுகிறார். யாருடைய காட்டில் விளைந்த மஞ்சள் என்று அந்த மஞ்சளைக் கடைசியில் வாங்கும் குடும்பத்துக்குத் தெரியாது. அதனால் விலையைச் சொல்லும் உரிமை விவசாயி கையில் இல்லை. இதே ஈரோட்டிலிருந்துதான், மஞ்சள் வியாபாரத்தில் இருந்த ஒருவர் தொடங்கிய சக்தி மசாலாவும் வந்தது. பாக்கெட்டில் பெயர் ஏறியதும் நிலைமை மாறியது. வாங்குகிற அம்மா மஞ்சளுக்கு மட்டும் காசு கொடுப்பதில்லை. கலப்படம் இருக்காது, போன மாத ருசியே இந்த மாதமும் இருக்கும், காயவைத்து மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போகும் வேலை மிச்சம் என்ற மூன்றுக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்.

எல்லாச் சரக்குக்கும் பெயர் ஏற்றிவிட முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. நாமக்கல் முட்டையில் உங்கள் முட்டை, என் முட்டை என்று பிரித்துச் சொல்ல என்ன இருக்கிறது? அங்கே வேறு வழி. 1982-ல் உருவான தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு பண்ணையாளர்களைச் சேர்த்து வைத்தது, விலையை அறிவித்தது, 'எந்தக் கிழமையானாலும் முட்டை சாப்பிடுங்கள்' என்று தொலைக்காட்சியில் பொதுவாக விளம்பரம் செய்தது. ஒருவரை ஒருவர் தின்பதை விட்டுவிட்டு, முட்டையே வாங்காத வீட்டை வாங்க வைத்தார்கள். நம் சங்கங்களெல்லாம் ஆண்டுவிழாவுக்குச் செய்கிற செலவில் பாதியை இப்படிச் செய்தால் என்ன என்று எனக்கு அடிக்கடி தோன்றும். சரி, அது வேறு கதை.

அடுத்தது, யாருக்கு விற்பது. "எல்லாருக்கும்தான்" என்பார்கள். எல்லாருக்கும் விற்கிறவர் கடைசியில் விலை கேட்டுவிட்டுப் போகிறவருக்குத்தான் விற்பார். வேட்டியைப் பாருங்கள். பேன்ட் வந்தபிறகு வேட்டி அரசியல்வாதிக்கும் வயதானவருக்கும் என்று ஒதுங்கிக்கொண்டிருந்தது. திருப்பூரின் ராம்ராஜ் அந்தத் துணியைக் கௌரவம் என்று காட்டி விளம்பரம் செய்தது. வெள்ளை வேட்டி கட்டியவருக்கு எல்லாரும் சல்யூட் அடிப்பதாக வந்த விளம்பரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நூலும் நெசவும் அதேதான், கட்டுகிறவர் மனதில் அது உட்கார்ந்த இடம் மாறிவிட்டது. பிறகு, இடுப்பில் நிற்குமா என்று பயப்படும் இளைஞர்களுக்காக ஒட்டிக்கொள்ளும் வேட்டி சந்தைக்கு வந்தது. மரச்செக்கு எண்ணெயும் இப்படித்தான். ரீஃபைண்டை விடக் கூடுதல் விலை கொடுத்து வாங்க ஒரு கூட்டம் இருக்கிறது. அந்தக் கூட்டம் போதும் என்று முடிவெடுத்தவர்தான் செக்கு போட்டார்.

பவானி ஜமக்காளத்துக்கு இந்தக் கேள்வி இன்னும் அவசரம். கல்யாண மண்டபமெல்லாம் நாற்காலிக்கு மாறிவிட்டது. விசைத்தறி விரிப்போடு விலையில் மோதினால் கைத்தறி தோற்கும், அதில் சந்தேகமே வேண்டாம். புவிசார் குறியீடு கையில் இருக்கிறது. கைவேலைக்கு மதிப்புக் கொடுத்து வீட்டை அலங்கரிக்கிறவரைத் தேடிப் போவதுதான் பிழைக்கும் வழி என்பது என் எண்ணம்.

மார்க்கெட்டிங் படிப்பில் பொருள், விலை, விற்கும் இடம், விளம்பரம் என்று நான்காகப் பிரித்துச் சொல்லித்தருவார்கள். அமெரிக்கப் பேராசிரியர் ஜெரோம் மெக்கார்த்தி 1960-ல் போட்டுக் கொடுத்த பிரிவு, இன்றைக்கும் எல்லா வகுப்பிலும் அதுதான் முதல் பாடம். இதில் நம்மவர்கள் அசட்டை செய்வது மூன்றாவதை. கிராமத்துப் பெட்டிக்கடைக்கு லைன் வண்டி வாரம் தவறாமல் போகிறதா என்பதில் பாதி வியாபாரம் முடிந்துவிடுகிறது. கோயம்புத்தூர் மோட்டார் பம்புகளைப் பாருங்கள். காசு கொடுப்பவர் விவசாயி. எந்த மோட்டார் என்று சொல்பவர் யார்? தண்ணீர் பாய்ச்சுகிற நேரத்தில் மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்துபோனால், கழற்றி எடுத்துக்கொண்டு ஓடுவது சுருளைத் திரும்பக் கட்டிக்கொடுக்கும் ரீவைண்டிங் கடைக்குத்தான். அந்த மெக்கானிக் "இதுக்கு ஸ்பேர் கிடைக்காதுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், உங்கள் பேனர், காலண்டர், சுவர் விளம்பரம் அத்தனையும் வீண். அவரைப் பட்டறைக்குக் கூட்டிவந்து உட்காரவைத்துப் பேசிய கம்பெனிகள் பிழைத்தன.

ஹார்வர்டின் மைக்கேல் போர்ட்டர் 1979-ல் இன்னொன்று சொன்னார்: லாபத்தைப் பிடுங்குகிறவர்கள் போட்டிக் கம்பெனிகள் மட்டுமல்ல, சரக்குக் கொடுப்பவரும் வாங்குபவரும்கூட. திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலே நூல் விலை ஏறும், கீழே வெளிநாட்டு பையர் பழைய விலையிலேயே நிற்பார். ஒரே பையரை நம்பியிருந்தால் நடுவில் மாட்டிக்கொள்வது நாம்தான்.

பேசி முடித்ததும், வீட்டிலேயே பருப்புப்பொடி போட்டு விற்கும் ஒரு அக்கா, விளம்பரத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று கேட்டார். நல்ல கேள்வி. பாக்கெட்டுக்கு 15 ரூபாய் நிற்கிறது என்று வைப்போம். மாதம் ஒன்று வாங்குகிறவர் இரண்டு வருடம் தங்கினால் 360 ரூபாய். அவரைப் பிடிக்க 100 ரூபாய் செலவழித்தாலும் கட்டும். ஒருமுறை வாங்கிவிட்டுத் திரும்பி வராதவருக்கு 16 ரூபாய் செலவழித்தாலே நஷ்டம். அதனால் அக்கா, முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள். போன மாதம் வாங்கியவர்களில் எத்தனை பேர் இந்த மாதமும் வாங்கினார்கள் என்று எழுதுங்கள். வராதவர்களுக்கு நீங்களே போன் செய்து, பொடி எப்படி இருந்தது என்று கேளுங்கள். காரமா, உப்பா, விலையா, இல்லை கடையில் கிடைக்கவில்லையா என்று தெரிந்துவிடும். அந்த நோட்டோடு வாருங்கள், எவ்வளவு ஒதுக்கலாம் என்பதை அப்போது உட்கார்ந்து பேசுவோம்.