முதுகு படாமல் ஆறு நிமிடம்

வணக்கம் நேயர்களே. அமெரிக்காவில் உங்கள் பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் படித்தால், ஏதாவது ஒரு நவம்பரில் "நான் ரெஸ்லிங் டீமில் சேரட்டுமா?" என்று கேட்டிருக்கலாம். டிவியில் நாற்காலியைத் தூக்கி அடித்துக்கொள்கிறார்களே அதுவா என்று நீங்கள் பதறியிருக்கலாம். அது வேறு, இது வேறு. இது உண்மையான மல்யுத்தம். ஒரே எடைப்பிரிவில் இரண்டு பேர், இரண்டிரண்டு நிமிடமாக மூன்று சுற்று, மொத்தம் ஆறு நிமிடம். பல வருடங்களாக இந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன், அதில் சீசனின் முதல் சில வாரங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அந்த முதல் வாரங்களில் நிலைமை எப்படி இருக்கும் தெரியுமா? பாதிப் பேர் இதற்கு முன் மேட்டில், அதாவது மல்யுத்த விரிப்பில், கால் வைத்ததே இல்லை. எதிரணியிலோ சிறு வயதிலிருந்தே கிளப்பில் பழகிய பிள்ளைகள் இருப்பார்கள். அப்படியிருந்தும் நம் புதுப் பையனை இறக்கித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் மாநிலத்தைப் பொறுத்துப் பன்னிரண்டிலிருந்து பதினான்கு எடைப்பிரிவுகள் உண்டு, பிரிவுக்கு ஓர் ஆட்டம், அதன் முடிவைப் பொறுத்து அணியின் கணக்கில் புள்ளி சேரும், ஒரு பிரிவில் ஆள் இல்லையென்றால் சும்மாவே எதிரணிக்கு 6 புள்ளி போய்விடும்.

சரி, இப்படிப்பட்ட பையனுக்கு முதலில் எதைக் கற்றுக்கொடுப்பது? காலைப் பிடித்து வீழ்த்தும் டேக்டவுனில்தான் பலரும் தொடங்குவார்கள். 2024-25 சீசனிலிருந்து அதற்கு 2 புள்ளிக்குப் பதில் 3 புள்ளி என்று ஆக்கியதால் அந்த ஆசை இன்னும் கூடிவிட்டது. நான் டேக்டவுனை வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் புதுப் பிள்ளைக்கு முதல் பாடம் முதுகு படாமல் தோற்பது. ஆமாம், தோற்பதைத்தான் சொல்கிறேன்.

காரணம் கணக்கில் இருக்கிறது. இரண்டு தோள்பட்டையும் மேட்டில் பட்டு 2 விநாடி அழுந்தினால் 'பின்', ஆட்டம் அங்கேயே முடிந்தது, எதிரணிக்கு 6 புள்ளி. ஆட்டத்துக்குள் இரண்டு பேரும் எடுக்கும் புள்ளிகளில் 15 வித்தியாசம் வந்தாலும் ஆட்டம் நின்றுவிடும், ஆனால் அதற்கு எதிரணியின் கணக்கில் 5தான். 8 முதல் 14 வரை வித்தியாசம் என்றால் 4. அதற்கும் குறைவாகத் தோற்றால் வெறும் 3. அதாவது நம் பையன் தோற்றாலும் எப்படித் தோற்றான் என்பதில் அணிக்கு மூன்று புள்ளி வரை மிச்சமாகிறது.

ஒரு சீசனில் நடந்ததைச் சொல்கிறேன், இதை எங்கே போனாலும் சொல்வேன். கடைசி ஆட்டம் பாக்கி, நாங்கள் 5 புள்ளி முன்னிலையில் இருக்கிறோம். இறங்க வேண்டியவன் அந்த வருடம்தான் சேர்ந்த ஒல்லிப் பையன், எதிரில் நிற்பவனைப் பார்த்தாலே பழைய கை என்று தெரிந்தது. 'பின்' ஆனால் அவர்களுக்கு 6, நாங்கள் ஒரு புள்ளியில் தோற்போம். அவனிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, நீ ஜெயிக்க வேண்டாம், முதுகு மட்டும் படக்கூடாது." முதல் சுற்றிலேயே அவனைப் புரட்டிவிட்டார்கள், ஒரு தோள் மேட்டில், இன்னொன்று விரற்கடை உயரத்தில், நடுவர் குப்புறப் படுத்து எட்டிப் பார்க்கிறார், பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று கத்துகிறார்கள், பையன் கழுத்தை வளைத்துப் பாலம் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, வயிற்றின்மேல் வந்துவிட்டான்! ஆட்டம் 12-2 என்று முடிந்தது. அவர்களுக்கு 4, எங்களுக்கு ஒரு புள்ளியில் வெற்றி. தோற்றுவிட்டு வந்தவனை மற்றவர்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அதிர்ஷ்டம் என்று நினைக்காதீர்கள், தினமும் பழகியது அது. கழுத்துக்குப் பின்னால் கைவிட்டுப் புரட்டும் ஹாஃப் நெல்சன் பிடியை எதிராளி முழுதாகப் போட்ட பிறகுதான் பயிற்சியைத் தொடங்க நான் விசில் ஊதுவேன், அதிலிருந்து பையன் தப்பிக்க வேண்டும். முழங்கையை விலாவோடு ஒட்டு, தலையைத் தூக்கு, அந்தக் கைக்கு எதிர்ப்பக்கம் பார். ரேடியோவில் செய்து காட்ட முடியாது, ஆனால் சாரம் இவ்வளவுதான். இந்த மோசமான நிலையில் தினமும் இருந்து பழகிய பிள்ளைக்கு மேட்டில் பயம் போய்விடுகிறது, பயம் போனவன் டேக்டவுனைத் தானாகவே தேடி வருகிறான். மறுபடியும் சொல்கிறேன், முதலில் முதுகு படக்கூடாது, மற்றதெல்லாம் அப்புறம்.

அடுத்தது எடை. பெற்றோர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். 1997-இன் கடைசி இரண்டு மாதங்களில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள், குறைந்த எடைப்பிரிவில் இறங்குவதற்காக எடையை அவசரமாகக் குறைக்கப் போய் இறந்தார்கள். அதற்கப்புறம்தான் விதிகள் இறுகின. 2006-07-லிருந்து உயர்நிலைப் பள்ளிகளிலும் சீசன் தொடக்கத்தில் உடலில் நீர்ச்சத்து போதுமா என்று சிறுநீரைச் சோதித்து, கொழுப்பையும் அளந்து, ஒரு பிள்ளை எவ்வளவு எடை வரை இறங்கலாம் என்று முடிவு செய்கிறார்கள். பையன்களுக்கு 7 சதவீதக் கொழுப்புக்குக் கீழேயும் பெண்களுக்கு 12-க்குக் கீழேயும் போகக்கூடாது, வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்கவும் கூடாது. என்னைக் கேட்டால் முதல் வருடப் பிள்ளை ஒரு பவுண்டுகூடக் குறைக்க வேண்டாம். வளர்கிற வயது, இருக்கிற எடையிலேயே விளையாடட்டும். உங்கள் பிள்ளை ராத்திரிச் சாப்பாட்டைத் தவிர்த்தாலோ, தண்ணீர் குடிக்காமல் இருந்தாலோ, காத்திருக்காமல் உடனே பயிற்சியாளரைக் கூப்பிடுங்கள்.

தோல் நோய்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: பயிற்சி முடிந்த கையோடு குளிக்க வேண்டும், உடுப்பை அன்றன்றே துவைக்க வேண்டும், வட்டமாகச் சிவந்து அரித்தால் படர்தாமரையாக இருக்கலாம், மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். காதைக் காக்கும் ஹெட்கியரைப் போட்டியில் மட்டுமல்ல, பயிற்சியிலும் போடச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.